கரண்டு வைக்கும் முன்பே பல்லைப் பார்த்துவிட வேண்டும்

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை இவற்றில் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு (ஊர்ப்பேச்சில் ‘கரண்டு வைப்பது’) என்று முடிவானதும் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். எத்தனை நாள் ஆகும், காப்பீட்டில் வருமா, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலேயே பார்ப்பதா, திருவனந்தபுரத்தில் உள்ள ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவதா, மதுரை என்றால் எங்கே தங்குவது. பல்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சிகிச்சை தருபவரும் அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிட்டால், அதன் விளைவு இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும். புற்றுநோய் போயிருக்கும்; ஆனால் பற்கள் ஈறோடு ஒடிந்து விழுந்திருக்கும். ஊரில் ஒரு பல்லைப் பிடுங்கியிருப்பார், அந்தக் குழி மாதக்கணக்கில் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும். இதில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். அதற்கான அவகாசம் முதல் நாள் கதிர்வீச்சுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம்.

நெல்லைச் சீமையில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம். ஆலங்குளம், முக்கூடல், பாப்பாக்குடி, கடையம் பக்கம் பீடி சுற்றுவது வீட்டுத் தொழில். பீடி குடிப்பதும், வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து அடக்குவதும், மூக்குப்பொடியை ஈறில் தேய்ப்பதும் தலைமுறையாக இருந்துவருகிற பழக்கங்கள். நோயாளி வரும்போதே ஈறு இறங்கி, பல் ஆடி, காரை ஏறி, சில பற்களின் வேர் மட்டும் மிஞ்சிய வாயோடுதான் வருகிறார். பாக்கு மென்றே கன்னத்தின் உட்பக்கம் நார்போல இறுகி, வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காமல் வருபவர்களும் உண்டு. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். வெற்றிலை போடும் ஆச்சிகளுக்கு இதைச் சொன்னால் நம்புவதில்லை. ஆனால் அது உறுதிப்பட்ட விஷயம்.

கதிர் பட்ட வாயில் என்ன நடக்கிறது

தலை, கழுத்துப் புற்றுக்கு வழக்கமான மொத்த அளவு 60 முதல் 70 கிரே (உடல் வாங்கும் கதிரின் அளவைச் சொல்லும் அலகு). ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் வாரத்துக்கு 5 நாள், 6 முதல் 7 வாரம். கட்டியைக் குறிவைத்துத்தான் கதிர் போகிறது. ஆனாலும் வழியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி, தாடை எலும்பு, மெல்லும் தசை, வாயின் உட்தோல் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு பங்கு போய்ச் சேரும்.

முதலில் அடிபடுவது உமிழ்நீர். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும். காதுக்கு முன்னால் இரு பக்கமும் இருக்கும் பரோட்டிட் சுரப்பிதான் சோறு மெல்லும்போது தண்ணீர் போன்ற உமிழ்நீரைத் தருகிறது. கதிரை அது சிறிதும் தாங்காது. சிகிச்சையின் முதல் வாரத்திலேயே உமிழ்நீர் பாதி அளவுக்குக் குறைந்துவிடும். மிஞ்சுவது கெட்டியாக, நூல் நூலாக, துப்பினாலும் போகாததாக இருக்கும். பரோட்டிட் வாங்கும் சராசரி அளவு 26 கிரேக்குள் நின்றால் ஓரளவு திரும்பச் சுரக்கும். அதைத் தாண்டினால் திரும்புவது அரிது. பழைய முறையில் இரு பக்கத்திலிருந்தும் நேராகக் கதிர் செலுத்தும்போது இரண்டு பரோட்டிட்டும் முழு அளவு வாங்கிவிடும். கதிரின் செறிவைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறை வந்தபின் நிலைமை மாறியது. 2011இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், சிகிச்சை முடிந்து ஓராண்டில் மிதமான அல்லது கடுமையான வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கும் ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம் பேருக்கும் இருந்தது. எந்த முறையில் சிகிச்சை தரப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. பல்லுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

உமிழ்நீர் வாயை நனைப்பதோடு நிற்பதில்லை. சாப்பிட்டபின் மிஞ்சுவதைக் கழுவுகிறது, கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தை மட்டுப்படுத்துகிறது, பல்லிலிருந்து கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பித் தருகிறது. நல்ல உமிழ்நீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 7க்கு அருகில் இருக்கும். கதிருக்குப் பின் அது 5 வரைகூட இறங்கும். பல்லின் எனாமல் 5.5க்குக் கீழே கரையத் தொடங்குகிறது. ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதி அதற்கும் முன்பே, 6ஐத் தாண்டிய நிலையிலேயே கரையும். ஆகவே இனிப்பே சாப்பிடாதபோதும் பல் கரைந்துகொண்டிருக்கும் வாயாக அது மாறிவிடுகிறது. வழக்கமான சொத்தை மெல்லும் பரப்பின் பள்ளங்களிலும் இரண்டு பல்லுக்கு இடையிலும் வரும். கதிர்ச் சொத்தையோ சாதாரணமாகச் சொத்தையே விழாத இடங்களில், பல்லின் கழுத்தைச் சுற்றியும், வெட்டும் பல்லின் நுனியிலும், கடைவாய்ப்பல்லின் மேடுகளிலும் வருகிறது. வலி இருக்காது. கழுத்தைச் சுற்றி அரித்து, ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பல்லின் தலை தனியாக ஒடிந்து வரும். சிகிச்சை முடிந்த மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இது தொடங்கிவிடலாம்.

அடுத்தது எலும்பு. கீழ்த்தாடை அடர்த்தியான எலும்பு. உள்ளே ஓடும் ஒரே ஒரு முக்கிய ரத்தக்குழாயையும் எலும்பை மூடிய சவ்வையும் நம்பித்தான் அது இருக்கிறது. மேல்தாடைக்கு ரத்தம் பல வழியில் வரும். அதனால் சிக்கல் பெரும்பாலும் கீழ்த்தாடையில், அதிலும் கடைவாய்ப் பக்கத்தில் வருகிறது. கதிர் பட்ட எலும்பில் நுண்குழாய்கள் அடைபடுகின்றன, உயிரணுக்கள் குறைகின்றன, ஆக்சிஜன் போதாமல் போகிறது. 1983இல் அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் இப்படி விளக்கினார். அதன்பின் வந்தவர்கள், எலும்பு நார்போல மாறிச் சுருங்குவதும் இதில் சேர்ந்திருக்கிறது என்றார்கள். எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் நோயாளிக்கு முக்கியமானது ஒன்றுதான். ஆண்டுகள் போனால் எலும்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பது தவறு. பத்து வருடம் கழித்தும் அது கதிர் பட்ட எலும்புதான்.

முதல் கதிருக்கு முன்

புற்றுநோய் உறுதியான அதே வாரத்தில் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே கட்டாயம். வெளியே நன்றாகத் தெரியும் பல்லுக்கு அடியில் சீழ்ப்பை இருக்கலாம். ஈறுக்குள் பழைய வேர் புதைந்திருக்கலாம். பாதி முளைத்த ஞானப்பல் சாய்ந்து கிடக்கலாம். இவற்றைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எதைப் பிடுங்குவது, எதை வைத்துக்கொள்வது என்பதில் பழைய வழக்கத்துக்கும் இப்போதைய வழக்கத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. முன்பு எல்லாப் பல்லையும் எடுத்துவிடுவார்கள். இப்போது அது தேவையில்லை, செய்யவும் கூடாது. உமிழ்நீர் வற்றிய வாயில் பல்செட் ஒட்டி நிற்காது, ஈறைப் புண்ணாக்கும். நல்ல பல் இருந்தால்தான் சிகிச்சைக்குப் பின் சோறு மெல்ல முடியும். எடுக்க வேண்டியவை: அடைக்க முடியாத அளவு சொத்தையான பல், வேர்நுனியில் சீழ் கட்டிய பல், ஈறுப்பை 6 மி.மீ. அல்லது அதற்குமேல் ஆழமான பல், நன்றாக ஆடும் பல், மிஞ்சிய வேர்கள், பாதி முளைத்துச் சீழ் வைக்கும் ஞானப்பல். இதிலும் இடம் பார்க்க வேண்டும். 60 கிரே வாங்கப்போகும் கீழ்க் கடைவாயில் சந்தேகமான பல் இருந்தால் எடுத்துவிடுவதே நல்லது. கதிர் எட்டாத மேல் முன்பல்லில் அதே சந்தேகத்துக்கு அடைத்து வைத்துப் பார்க்கலாம். அதனால் பல் மருத்துவருக்குக் கதிர்வீச்சு மருத்துவர் எழுதித் தர வேண்டும்: எந்தப் பக்கம், எவ்வளவு அளவு, எப்போது தொடக்கம். ‘பல் பரிசோதனைக்கு’ என்று ஒரு வரி மட்டும் எழுதிய சீட்டால் பயனில்லை.

இன்னொன்றையும் நேராகப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரக்கூடிய, தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கும் ஒருவருக்கு ஒரு சந்தேகப் பல்லை வைத்துக்கொள்ளலாம். திசையன்விளைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வரவேண்டிய ஒருவருக்கு அதே பல்லை எடுத்துவிடுவதே சரி. இது நியாயமான முடிவு. புத்தகத்தில் உள்ள விதியை எல்லோருக்கும் ஒன்றாகப் போடுவது நோயாளியைக் காப்பாற்றாது.

எடுத்த குழி ஆறக் குறைந்தது 14 நாள் வேண்டும். மூன்று வாரம் கிடைத்தால் நல்லது. எடுக்கும்போதே எலும்பின் கூர்முனைகளை அராவிச் சமப்படுத்தி, ஈறை இழுத்து மூடித் தையல் போட வேண்டும். கூர்முனை மிஞ்சினால் பின்னால் அதன்மேல் உள்ள மெல்லிய ஈறு கிழிந்து எலும்பு தெரியும். கதிர்வீச்சுக்கு முகத்தில் மாட்டும் முகமூடி அச்சைப் பல் எடுத்து வீக்கம் வடிந்தபின் எடுப்பது நல்லது. வீங்கிய முகத்துக்கு எடுத்த அச்சு பத்து நாளில் தளர்ந்துவிடும்.

வாய்ப்புற்றுக்கு முதலில் அறுவை சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு என்பதுதான் பெரும்பாலும் நடைமுறை. அப்படியானால் வழி இன்னும் எளிது. அதே மயக்கத்திலேயே எடுக்க வேண்டிய பற்களை எடுத்துவிடலாம். அறுவைக்கும் கதிருக்கும் நடுவில் 4 முதல் 6 வாரம் இருக்கும், குழி தாராளமாக ஆறும். இந்த ஒரு ஏற்பாட்டை மறந்துவிட்டு, அறுவை முடிந்து ஐந்தாம் வாரம் ஓ.பி.ஜி. எடுத்துப் பார்த்துப் பதறுவது அடிக்கடி நடக்கிறது. தைத்த தாடையில் அப்போது வாயும் திறக்காது. அதே சமயம், பல்லுக்காகப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. அவகாசமே இல்லையென்றால் மிக மோசமான பற்களை ஒரே அமர்வில் எடுத்துவிட்டுத் தொடங்க வேண்டியதுதான்.

“பல்லுல ஒரு வலியும் இல்லையே, என்னத்துக்குப் புடுங்கணும்?” என்ற கேள்விக்கு மருத்துவர் ஓ.பி.ஜி. படத்தைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. மேல்பல்லின் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் சம்பந்தம் இல்லை. பல்லைத் தொட்டால் புற்று பரவும் என்பதும் பயம்தான். ஆனால் கட்டிக்கு உள்ளேயே நிற்கும் பல்லை மட்டும் தனியாகப் பிடுங்கக் கூடாது. அதைக் கட்டியோடு சேர்த்து அறுவை மருத்துவர் எடுப்பார்.

மிஞ்சும் பற்களுக்குக் காரை எடுத்து, சொத்தை அடைத்து, கன்னத்தையும் நாக்கையும் குத்தும் முனைகளை மழுக்க வேண்டும். மேல், கீழ் இரு வரிசைக்கும் அச்சு எடுத்து மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகள் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். தினமும் ஃபுளூரைடு ஜெல் வைக்க அவைதான் கருவி. உலோகத்தில் அடைத்த பல்லும் உலோக மூடியும் இருந்தால், அவற்றில் பட்டுத் திரும்பும் கதிர் ஒட்டியிருக்கும் கன்னத்தை அதிகமாகப் புண்ணாக்கும். 2, 3 மி.மீ. தடிமனில் ஒரு தட்டு செய்து இடையில் வைத்தால் அது குறையும். ஆனால் முகமூடி அச்சு எடுக்கும் நாளிலேயே தட்டும் வாயில் இருக்க வேண்டும். இடையில் சேர்த்தால் அளவுகள் மாறிவிடும்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்று மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே அளந்து மி.மீ.யில் எழுதி வைக்க வேண்டும். 35க்குக் கீழ் என்றால் குறைவு. வீட்டில் பார்ப்பதானால் தன் கையின் மூன்று விரல் ஒன்றின்மேல் ஒன்றாக நுழைய வேண்டும்.

அந்த ஏழு வாரம்

இரண்டாம், மூன்றாம் வாரத்தில், 20 கிரே சுமாருக்கு வந்ததும் வாயின் உட்தோல் சிவந்து புண்ணாகும். ஐந்தாம், ஆறாம் வாரம் உச்சம். சிகிச்சை முடிந்து 2 முதல் 4 வாரத்தில் ஆறும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும். இதைத் தாங்க முடியாமல் இடையில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுவதுதான் பெரிய ஆபத்து. மொத்தக் கால அளவு ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது. வாய்ப் பராமரிப்பின் நோக்கம் பல்லைக் காப்பதோடு, ஒரு நாளும் தவறாமல் சிகிச்சையை முடிக்க வைப்பதும்தான்.

கொப்பளிக்கும் நீருக்குச் செலவே இல்லை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, அரை டீஸ்பூன் உப்பு. தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறையும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கொப்பளித்து, பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை. கெட்டி எச்சிலைக் கரைக்கவும் அமிலத்தைத் தணிக்கவும் இதுவே போதும். உப்பைக் கூட்டினால் எரியும், பலன் கூடாது. கடையில் விற்கும் மவுத்வாஷ்களில் ஆல்கஹால் கலந்தவை வேண்டாம். எரிச்சலையும் வறட்சியையும் கூட்டும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு கதிர்ப்புண்ணைத் தடுக்காது. ஈறு நோய்க்கு மருத்துவர் சொன்னால் மட்டும் பயன்படுத்தலாம். பென்சிடமின் 0.15 சதவீதக் கரைசல் வலியைத் தணிக்கும். சாப்பாட்டுக்குச் சற்று முன் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல் தருவார்கள்; தொண்டையும் மரத்திருக்கும் என்பதால் மெதுவாக, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும்.

பல் தேய்ப்பதை நிறுத்தக் கூடாது. மிக மென்மையான பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துக்கொள்ளலாம். பேஸ்ட் எரிந்தால் குழந்தைகள் பேஸ்ட். அதுவும் முடியாத நாளில் பஞ்சையோ துணியையோ சோடா நீரில் நனைத்துத் துடைக்கலாம். உமிக்கரி, செங்கல் நிறப் பல்பொடி, வேப்பங்குச்சி மூன்றையும் இந்த வாய்க்குள் இனி கொண்டுபோகவே கூடாது. இளகிய பல்லின் கழுத்தை அவை அராவி எடுத்துவிடும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் ஃபுளூரைடின் இடத்தை அது பிடிக்காது. பல்செட் இருந்தால் சாப்பிடும் நேரம் தவிரக் கழற்றிவைக்க வேண்டும். புண் அதிகமானால் அறவே வேண்டாம்.

சாப்பாட்டில் நம் சமையலிலேயே வழி இருக்கிறது. சொதியில் பச்சை மிளகாயையும் இஞ்சியையும் எலுமிச்சையையும் விட்டுவிட்டு, பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் குழைந்த காய்கறியுமாக ஆறவைத்துக் கொடுத்தால் புண் வாய்க்கு அதைவிட நல்ல உணவு கிடைப்பது கடினம். குழைய வேகவைத்த உளுந்தஞ்சோறு, நெய் சேர்த்த பருப்புச் சாதம், வேகவைத்து மசித்த முட்டை எல்லாம் ஏற்றவை. ரசம் வேண்டாம். எடை குறையத் தொடங்கினால் மூக்கு வழிக் குழாய் போடத் தயங்கக் கூடாது. அப்போதும் வாயைச் சுத்தம் செய்வது தொடர வேண்டும்.

நாக்கிலும் கன்னத்திலும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளைப் படலம், கூடவே திடீரென்று கூடும் எரிச்சல் என்றால் அது பூஞ்சை. புண்ணென்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். குளோட்ரிமசோல் பூச்சு அல்லது ஃபுளூக்கனசோல் மாத்திரையில் சில நாளில் அடங்கும். பல்செட் போடுபவர் அதையும் தினமும் ஊறவைத்துச் சுத்தம் செய்யாவிட்டால் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும்.

வாய் திறக்கும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். இறுகியபின் தொடங்கினால் மிகக் கொஞ்சம்தான் திரும்பக் கிடைக்கும். முடிந்தவரை வாயைத் திறந்து 30 விநாடி நிறுத்துவது, ஒரு வேளைக்கு ஐந்து முறை, நாளைக்கு ஐந்து வேளை. ஏற்கெனவே குறைவாகத் திறப்பவர்கள் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிக் கட்டிக் கடைவாய்ப் பற்களுக்கு இடையே வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டலாம். ஆடும் பல்லில் வைக்கக் கூடாது. சிகிச்சை முடிந்து ஓராண்டு வரையாவது இதை விடக்கூடாது. தசை இறுகுவது மெல்ல மெல்ல நடப்பது. வாய் திறக்காதவருக்குப் பின்னால் எந்தப் பல் மருத்துவரும் ஒன்றும் செய்ய முடியாது.

முடிந்தபின், வாழ்நாள் முழுக்க

சிகிச்சை முடிந்து புண் ஆறியதும், எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி வரும். பல்லின் சேதம் தொடங்குவது அப்போதுதான்.

தினமும் இரவு பல் தேய்த்தபின், 1.1 சதவீதச் சோடியம் ஃபுளூரைடு ஜெல்லை அந்தத் தட்டுகளில் மெல்லிய கோடாக இட்டு 5 முதல் 10 நிமிடம் மாட்டிக்கொண்டு, கழற்றி, மிஞ்சியதைத் துப்ப வேண்டும். அடுத்த அரைமணி நேரம் கொப்பளிக்கவோ குடிக்கவோ கூடாது. இந்த ஜெல்லில் ஃபுளூரைடு 5000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 5000 பங்கு) இருக்கிறது. நம் கடைகளில் உள்ள சாதாரண பேஸ்ட்டில் 1000 பிபிஎம் வரைதான். அமிலம் கலந்த ஃபுளூரைடு ஜெல் வேண்டாம். வறண்ட வாயை எரிக்கும், சில வகை அடைப்புகளையும் அரிக்கும். ஜெல் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் ஃபுளூரைடு கொப்பளிப்பு நீரைத் தினமும் பயன்படுத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் 5 சதவீத ஃபுளூரைடு வார்னிஷ் பூசிக்கொள்ள வேண்டும். அதில் 22,600 பிபிஎம் இருக்கிறது. இந்த ஃபுளூரைடு ஒரு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ உரியதல்ல. பல் இருக்கும்வரை தொடர வேண்டும். நன்றாக இருக்கிறது என்று ஆறு மாதம் விட்டவர்களின் பற்கள்தான் அந்த ஆறு மாதத்தில் கழுத்தோடு அரிக்கின்றன.

இனிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நல்லது என்று நினைத்தே கெடுதல் நடக்கிறது. வறண்ட தொண்டைக்குப் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வது நம் வீடுகளில் இயல்பு. உமிழ்நீர் இல்லாத வாயில் அது மணிக்கணக்கில் பல்லின் மேல் கிடக்கும் சர்க்கரை. உடன்குடிக் கருப்பட்டி உடம்புக்கு நல்லதுதான் என்று நாள் முழுக்கக் கருப்பட்டிக் காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதும் அப்படியே. பல்லில் உள்ள கிருமிக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒன்றுதான். எடை போட வேண்டும் என்று உறவினர் வாங்கி வரும் அல்வா மென்மையாக இருப்பதால் விழுங்க எளிது, ஆனால் பல்லின் கழுத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இவற்றை அறவே விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டோடு சேர்த்து ஒரே நேரத்தில் தின்றுவிட்டு உடனே சோடா நீரில் கொப்பளிக்கட்டும், இடைவேளையில் வேண்டாம். புண்ணுக்குத் தேன் தடவுவதற்கும் இதே விதிதான். கிளாஸ் கிளாஸாகக் குளிர்பானம், எலுமிச்சைச் சாறு வேண்டாம். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், வாய்ப்பிருந்தால் சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாத சூயிங்கம். சுரப்பி கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் பைலோகார்பின் 5 மி.கி. மாத்திரை நாளைக்கு மூன்று வேளை உதவும். ஆனால் ஆஸ்துமா இருப்பவருக்கும் சில வகைக் கண் அழுத்த நோய் இருப்பவருக்கும் அதைத் தரக்கூடாது.

பல் பரிசோதனை முதல் சில ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதற்குத் திருவனந்தபுரமோ மதுரையோ போக வேண்டியதில்லை. பக்கத்து அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே சொத்தையைச் சிறிதாக இருக்கும்போது அடைத்துவிடலாம்.

பல்லைப் பிடுங்கினால்

கதிர் பட்ட தாடையில் பிடுங்கிய குழி ஆறாமல் போவதும், சில சமயம் பிடுங்காமலேயே ஈறு விலகி எலும்பு தெரிவதும் எலும்புச் சாவு. மூன்று மாதத்துக்கு மேல் ஆறாமல் எலும்பு தெரிந்தால், அது புற்று திரும்பியதால் அல்ல என்று உறுதிசெய்தபின் இந்தப் பெயர் சூட்டுவார்கள். முதலில் நாக்கில் சொரசொரப்பாகத் தட்டுப்படும். பிறகு நாற்றம், சீழ், கீழுதட்டில் மரமரப்பு. முற்றினால் கன்னத்தில் ஓட்டை விழுந்து சீழ் வடியும், தாடை தானாக முறியும். கடைசியில் காலின் சிற்றெலும்பை எடுத்துத் தாடையில் பொருத்த வேண்டிய அறுவை வரை போகும். பீடியை விடாதவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவே பின்னாளில் ஒரு பல் கெட்டால் முதல் யோசனை அதைக் காப்பாற்றுவதாக இருக்க வேண்டும். வேர் சிகிச்சை செய்யலாம். மேல்பகுதி முழுக்கப் போயிருந்தால், வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்தில் தலையை வெட்டி, மேலே அடைத்து வேரை அப்படியே விட்டுவிடலாம். அழகில்லைதான், ஆனால் தாடை தப்பிக்கும். நன்றாக ஆடும் பல் தானாக விழும்வரை விட்டு வைப்பதும் சில நேரம் சரியான முடிவே.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் வாய்-தாடை அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனையில், அந்தப் பல் நின்ற இடம் எத்தனை கிரே வாங்கியது என்று கேட்டறிந்து செய்ய வேண்டும். 50 கிரேக்கும் குறைவென்றால் பயம் குறைவு. ஆன்டிபயாடிக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பல் மட்டும், எலும்பை நெருக்காமல் வேரைப் பிரித்து எடுத்து, தையல் போட்டு மூடி, ஈறு முழுக்க மூடும்வரை வாரா வாரம் பார்க்க வேண்டும். பெண்டாக்ஸிஃபைலின் 400 மி.கி. இரண்டு வேளையும் வைட்டமின் ஈ 1000 யூனிட்டும் முன்பும் பின்பும் சில வாரம் தருவது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. உயர் அழுத்த ஆக்சிஜன் அறைச் சிகிச்சைக்குப் பணம் புரட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2019இல் வெளியான ஹோப்பான் ஆய்வில், ஆக்சிஜன் எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் எலும்புச் சாவு 6 சதவீத அளவிலேயே இருந்தது. தடுப்புக்காக அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்தில் சிக்கல் பெரும்பாலும் மருந்தால் வருவதில்லை, தகவல் போய்ச் சேராததால் வருகிறது. கதிர்வீச்சு திருவனந்தபுரத்தில் நடந்திருக்கும். பல் வலி நான்கு வருடம் கழித்து அம்பாசமுத்திரத்தில் வரும். கழுத்துத் தோல் வெளுத்திருப்பதைத் தவிர வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: எந்த மருத்துவமனை, தொடங்கிய, முடிந்த தேதிகள், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்தப் பக்கம், கீழ்த்தாடையில் 50 கிரேக்கு மேல் வாங்கிய பகுதி எது, கூடவே கொடுத்த கீமோ மருந்து, துறையின் தொலைபேசி எண். அதை உறையிட்டு ஒரு பிரதி வீட்டில், ஒரு படம் வீட்டில் உள்ள எல்லோருடைய செல்போனிலும். அப்பா மறந்தாலும் மகளிடம் இருக்கும்.

பல் மருத்துவர்களும் ஒரு கேள்வியை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். “சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா” என்பதோடு, “கழுத்துலயோ தாடையிலயோ எப்பவாவது கரண்டு வச்சிருக்கீங்களாய்யா?” என்றும் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அன்றைக்குக் குறடை எடுக்க வேண்டாம். பல்லைத் திறந்து உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றி, தற்காலிகமாக அடைத்து, தேவையானால் ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் கொடுத்தாலே வலி அடங்கிவிடும். தாளில் உள்ள எண்ணுக்குப் பேசி, அந்தப் பல் வாங்கிய அளவைத் தெரிந்துகொள்ள அதற்குள் நேரம் கிடைக்கும்.